திண்டுக்கல்லில் இறங்கிப்போனவர்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கிறேன். போன மாதம் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் 'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்' என்ற பழைய வீடியோ கேமைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். தள்ளுபடியில் கிடைத்தது, வாங்கினேன். ஒரு மணி நேரம் விளையாடியதில் ரயில் பெட்டிக்குள் முன்னும் பின்னும் நடந்ததுதான் மிச்சம். யார் யாரோ பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எதுவுமே நடக்கவில்லை. அப்புறம் முழு ஆட்டத்தையும் யூடியூபில் இரட்டை வேகத்தில் பார்த்து முடித்துவிட்டேன். கதை பரவாயில்லை. ஆனால் இதை ஏன் கிளாசிக் என்கிறீர்கள்? இதுபோலக் கண்டுகொள்ளப்படாமல் போன பழைய கேம்கள் ஒரு பத்து சொல்ல முடியுமா? கேமைக் கலை என்று சொல்லலாமா? வீட்டில் அப்பா இதெல்லாம் வெட்டி வேலை என்கிறார்.

ச.

அன்புள்ள ச.,

இரட்டை வேகத்திலா பார்த்தீர்கள்? கல்யாண வீட்டுக்குப் போய் இலையில் உட்காராமல், பந்தி வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு, சாம்பார் பரவாயில்லை என்று சொல்வீர்களா?

கோபம் அவ்வளவுதான். மற்றதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அப்பா சொல்வதில் பாதி உண்மை. மறுநாள் பரீட்சை என்றால் முழு உண்மை. கேம் கலையா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ஆமாம், கலைதான் என்று நான் எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? பத்து கேம் பட்டியலும் தரப்போவதில்லை. இணையத்தில் தேடினால் 'கவனிக்கப்படாத கிளாசிக்குகள்' என்று நூறு பட்டியல் வரும். அநேகமாக எல்லாவற்றிலும் 'கிரிம் ஃபாண்டாங்கோ' இருக்கும், 'பிளேன்ஸ்கேப் டார்மென்ட்' இருக்கும், 'ஐகோ' இருக்கும். எல்லாப் பட்டியலிலும் இருப்பது எப்படி ஐயா கவனிக்கப்படாததாகும்?

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் என் அத்தை எங்கள் வீட்டில் இருந்தார். வயது எண்பத்தொன்று. காபி ஆற்றிக்கொண்டே, "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சோ என்னமோ" என்றார். எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நான் ஏழாவது படிக்கும்போது அத்தையோடு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி மதுரைக்குப் போனேன். அப்போது மீட்டர் கேஜ். எனக்கு மேல் படுக்கை, அத்தைக்குக் கீழ். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம். விளக்கை அணைத்த பிறகு அம்மாவும் மகளும் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார்கள். மகளுக்கு யாரையோ பிடித்திருக்கிறது, அப்பாவுக்குத் தெரியாது, ஊருக்குப் போனதும் சொல்ல வேண்டும். அத்தை தூங்கவே இல்லை. இடையில் வண்டி எங்கோ நின்றபோது டீக்காரன் சத்தத்தில் ஒரு கால்மணி நேரப் பேச்சு கேட்காமல் போய்விட்டது. அந்த டீக்காரனை அத்தை இன்றைக்கும் திட்டுவார். விடியற்காலையில் அவர்கள் திண்டுக்கல்லில் இறங்கிவிட்டார்கள். ஜன்னல் வழியே அத்தை பார்த்தது அந்தப் பெண்ணின் பின்னலையும் ஒரு பிளாஸ்டிக் கூடையையும் மட்டும்தான். நாற்பது வருஷமாகப் போகிறது. சொந்தக்காரர்கள் வீட்டில் நடந்த எத்தனையோ கல்யாணத்தை அத்தை மறந்துவிட்டார். இதை மறக்கவில்லை.

'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்' பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் ஏறக்குறைய இதுதான். ஆனால் நீங்கள் இரட்டை வேகக்காரர், விளக்கிச் சொன்னால்தான் ஆகும்.

ஜோர்டன் மெக்னர் என்ற பெயர் தெரியாவிட்டாலும் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் சென்டரில் 'பேசிக்' என்ற நிரல்மொழி படிக்கப் போன எங்கள் தலைமுறை அங்கே உருப்படியாகக் கற்றுக்கொண்டது, அந்த வெள்ளை பைஜாமாக்காரனை முள் குழிமேல் தாண்டவைப்பது மட்டும்தான். 1989இல் வந்தது. தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் படம் படமாகப் பார்த்து வரைந்து, மெக்னர் தனியாக உட்கார்ந்து செய்த ஆட்டம். உலகமெல்லாம் விற்றது. அதே ஆள் அடுத்து ஒரு கம்பெனி தொடங்கி, நாலைந்து வருஷம் உழைத்து, ஐந்தாறு மில்லியன் டாலர் செலவழித்து 1997இல் வெளியிட்டதுதான் இந்த ரயில்.

ஆட்டம் தொடங்குவது 1914 ஜூலை 24, மாலை 7.14. பாரீஸிலிருந்து ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் ரயில் கான்ஸ்டான்டிநோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்குக் கிளம்புகிறது. ராபர்ட் காத் என்ற அமெரிக்க டாக்டர் ஓடும் ரயிலில் மோட்டார் சைக்கிளிலிருந்து தாவி ஏறுகிறான். நண்பனின் அறைக்குப் போனால் நண்பன் செத்துக் கிடக்கிறான். பிணத்தை என்ன செய்வது? படுக்கை விரிக்க கண்டக்டர் வருவதற்குள் முடிவெடுக்க வேண்டும். பிணத்தைத் தொட்டதில் கோட்டில் ரத்தம். செத்தவனின் கோட்டையே மாட்டிக்கொண்டு, அவன் பெயரிலேயே பயணம் செய்ய வேண்டியதுதான். இதைத்தான் நீங்கள் 'எதுவுமே நடக்கவில்லை' என்கிறீர்கள்.

உண்மையான நடிகர்களை நடிக்கவைத்துப் படமெடுத்து, பிரின்ஸ் பாணியிலேயே கோட்டோவியமாக மாற்றியிருக்கிறார்கள். அந்தக் காலத்து பாரீஸ் போஸ்டர்கள் மாதிரி இருக்கும். ஆள் சீராக நகராமல், ஒரு படம் கரைந்து அடுத்த படமாக வரும். முதலில் கண் உறுத்தும், பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

பெரிய விஷயம் படமில்லை, கடிகாரம். ஆட்டத்தின் நேரம் நம் நேரத்தைப் போல ஆறு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. ஆனால் நிற்பதில்லை. ரயிலில் சுமார் முப்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு நேரம், ஒரு ரகசியம். உணவுப் பெட்டியில் தாத்யானா என்ற ரஷ்யப் பிரபு வீட்டுப் பெண்ணும் அரசே கூடாது என்னும் அராஜகவாதியாக மாறிவிட்ட அவளுடைய சிறுவயது நண்பனும் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள். ஜெர்மானிய வியாபாரி ஒருவர் ஆயுதம் விற்க வந்திருப்பார். செர்பியர்கள் தங்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். ஒரு பிரெஞ்சுப் பையன் தீப்பெட்டியில் வண்டு பிடித்துத் தந்தால் தன் விசிலைக் கொடுத்துவிடுவான். நீங்கள் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பேச்செல்லாம் நடக்கும். ஒரு மேசையில் உட்கார்ந்து இரண்டு பேர் பேசுவதைக் கேட்டால், அதே நேரம் அடுத்த பெட்டியில் நடந்தது போனது போனதுதான்.

மற்ற கேம்களில் எப்படி? கடைக்காரன் உங்களுக்காகவே நூறு வருஷம் அதே இடத்தில் நிற்பான். நீங்கள் போய்த் தொட்டால்தான் வாயைத் திறப்பான். உலகமே உங்களுக்காகக் கைகட்டிக் காத்திருக்கும். இந்த ரயில் காத்திருக்காது. செத்துப்போனால் கடிகாரத்தைப் பின்னால் திருப்பிக்கொள்ளலாம், அந்த வசதி உண்டு. தனியாக சேவ் செய்யும் வேலையே கிடையாது. ஆனால் எத்தனை முறை திருப்பினாலும் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. யூடியூபில் பார்த்தீர்களே, அது வேறொருவன் கேட்ட ரயில். அவன் எதையெல்லாம் தவறவிட்டான் என்பது உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

கச்சேரி ஞாபகமிருக்கிறதா? இல்லை, அதையும் வேகமாக ஓட்டியிருப்பீர்கள். இரண்டாம் நாள் மதியம். ஆன்னா என்ற ஆஸ்திரியப் பெண் வயலின், க்ரோனோஸ் என்ற பெரும் பணக்காரன் பியானோ. வாசிப்பது செசார் ஃப்ராங்கின் வயலின் சொனாட்டா. பயணிகள் உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்த நேரம் அறைகள் காலி. காத் எழுந்துபோய்த் துழாவ வேண்டியதைத் துழாவலாம். புத்திசாலி ஆட்டக்காரன் உடனே எழுந்துவிடுவான். எனக்கு முதல் முறை எழுந்திருக்க மனசே வரவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். ஆட்டம் கெட்டுப்போனது. சரி, போகட்டும். அன்றைக்கு ஜூலை 25. செர்பியாவுக்கு ஆஸ்திரியா கொடுத்த 48 மணி நேரக் கெடு அன்று மாலை ஆறு மணிக்கு முடிகிறது. மூன்று நாளில் போர், முதல் உலகப் போர். கைதட்டும் அந்தப் பயணிகளில் யாருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும். இதை இரட்டை வேகத்தில் பார்த்தால் வயலின் கொசு மாதிரிக் கேட்டிருக்கும்.

ஏன் கண்டுகொள்ளப்படவில்லை என்று கேட்டால், ஊரறிந்த காரணம் ஒன்று உண்டு. வெளியீட்டாளர் ப்ரோடர்பண்ட் கம்பெனியின் விளம்பரப் பிரிவு ஆட்கள் ஆட்டம் வெளிவரச் சில வாரங்கள் இருக்கும்போது வேலையை விட்டுப் போய்விட்டார்கள். விளம்பரம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. விமர்சகர்கள் பாராட்டினார்கள், லட்சம் பிரதிதான் விற்றது, போட்ட பணத்துக்கு அது எந்த மூலைக்கு? மறுவருஷம் ப்ரோடர்பண்ட்டே கைமாறிவிட்டது. நான் இதை முழுசாக நம்புவதில்லை. ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தாலும், ஒட்டுக்கேட்பதை ஒரு விளையாட்டாக அன்றைக்கு எத்தனை பேர் ஏற்றிருப்பார்கள்? ஒரு மணி நேரத்தில் எழுந்துபோகிறவர்கள் 1997இலும் இருந்தார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைத் திட்டலாம். இது மூன்று சிடியில் வந்த ஆட்டம். நான் சென்னையில் ஒரு கடையில் வாங்கியது இரண்டு. திருட்டு சிடிதான், அந்தக் காலத்தில் எங்களுக்கு வேறு வகை இருப்பதே தெரியாது. சிடிமேல் நீல மார்க்கரில் 'டிரெய்ன் 1', 'டிரெய்ன் 2' என்று எழுதியிருந்தது. நண்பன் அறையில் இரவெல்லாம் உட்கார்ந்து, கச்சேரி தாண்டி, ரயில் வியன்னாவுக்கு வந்தது. மூன்றாவது சிடியைப் போடு என்றது திரை. இரவு இரண்டு மணி. இரண்டு சிடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. மறுநாள் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "ரெண்டுதான் தம்பி வந்துச்சு, கதை முடிஞ்சிருக்குமே" என்றார்.

பதினைந்து வருஷம் வியன்னாவிலேயே நின்றேன். வேலை, கல்யாணம், குழந்தை. நடுநடுவே ஆன்னா என்ன ஆனாள் என்று தோன்றும். இணையத்தில் தேடியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். தேடவில்லை. அத்தை திண்டுக்கல்லுக்குப் போய் விசாரிக்கவில்லையே, அந்த மாதிரி. அப்புறம் ஐபேடுக்கு அந்த ஆட்டம் வந்தபோது மைத்துனனிடம் கடன் வாங்கி, முதலிலிருந்து ஆடி முடித்தேன். முடிவை இங்கே எழுதமாட்டேன், உங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.

பட்டியல் கேட்டீர்கள். பட்டியலில் இது ஒன்றுதான். தலையணி மாட்டிக்கொள்ளுங்கள். குறிப்பு எதையும் பார்க்காதீர்கள். உணவுப் பெட்டியில் காலி மேசையில் உட்காருங்கள், பக்கத்து மேசை பேசும்.

ஒரு உதவியும் வேண்டும். ரெபெக்கா என்றொரு ஆங்கிலேயப் பெண் அந்த ரயிலில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டே வருவாள். அவள் அறையில் இல்லாத நேரம் நுழைந்தால் வாசிக்கலாம். நான் நாலு முறை ஆடிவிட்டேன், ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் வேறெங்கோ இருந்து தொலைக்கிறேன். நீங்கள் வாசித்தால், என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இல்லை, வேண்டாம். எழுதாதீர்கள்.