வெப் ஹோஸ்டிங் தொழில் தொடங்க சொந்த சர்வர் வேண்டுமா, ரீசெல்லர் திட்டம் போதுமா?

பதினைந்து கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறீர்கள், கையில் ஐம்பதாயிரம் இருக்கிறது, இனி ஹோஸ்டிங்கையும் (சைட்டுகளை இணையத்தில் வைத்திருக்கும் சர்வர் இடத்தையும்) நீங்களே விற்கலாமா என்பது கேள்வி. விற்கலாம். சர்வர் வேண்டாம், ஒரு பெரிய சர்வரில் உங்களுக்கென்று பிரித்துத் தரும் வி.பி.எஸ்.கூட இப்போதைக்கு வேண்டாம். ரீசெல்லரில், அதாவது ஒரு நிறுவனத்திடம் மொத்தமாக இடம் வாங்கிப் பிரித்து விற்கும் திட்டத்தில், தொடங்குங்கள். ஆனால் நாளைக்கே அந்த நிறுவனத்தை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தாலும் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கிளம்பிவிடக்கூடிய மாதிரி தொடங்குங்கள்.

வி.பி.எஸ். வாடகை மலிவாகத்தான் தெரியும். ஹோஸ்டிங் கணக்குகளை நிர்வகிக்கும் சி-பேனல் மென்பொருள் 2019-லிருந்து கணக்கு எண்ணிக்கைப்படி டாலரில் காசு வாங்குகிறது. அதற்குமேல் ஒரு கணக்கு இன்னொன்றைப் பாதிக்காமல் பிரித்து வைக்கும் கிளவுட்லினக்ஸ், பேக்கப் இடம், ராத்திரி சர்வர் படுத்தால் எழுப்பிவிட ஓர் ஆள். பதினைந்து பேர் தரும் பணத்தில் இது கட்டுப்படியாகாது. ரீசெல்லர் மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், தனி பேக்கப்புக்கு மாதம் 500. ஆண்டுக்கு 24,000. டொமைன் நீங்கலாக ஒருவரிடம் ஆண்டுக்கு 3,000 வாங்கினால் எட்டுப் பேரில் முதல் தேறிவிடும். இதில் உங்கள் நேரத்துக்குக் கூலி சேரவில்லை. 999 ரூபாய் விளம்பரங்களோடு விலையில் மோதாதீர்கள். போன் அடித்தால் எடுக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்குத்தான் உங்களிடம் காசு தருகிறார்கள்.

கிளம்புவதற்கான வழியில் முதலாவது நேம்சர்வர், அதாவது ஒரு டொமைனின் சைட் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் சர்வர். ரீசெல்லர் நிறுவனத்தின் நேம்சர்வரை வாடிக்கையாளர் டொமைனில் போடாதீர்கள். உங்கள் சொந்த டொமைனில் என்.எஸ்.1, என்.எஸ்.2 என்று இரண்டு உருவாக்கி, ரிஜிஸ்ட்ரார் (டொமைன் பதிந்து தரும் நிறுவனம்) பக்கத்தில் ‘சைல்டு நேம்சர்வர்’ என்ற இடத்தில் அவற்றின் ஐ.பி. முகவரிகளைப் பதியுங்கள். பிறகு இடம் மாறும்போது அந்த இரண்டு ஐ.பி.யை மாற்றினால் போதும். இல்லாவிட்டால் பதினைந்து பேரிடமும் டொமைன் பாஸ்வேர்டு கேட்டு அலைய வேண்டும்; பாதிப் பேருக்கு அது எந்த மெயிலில் இருக்கிறது என்றே தெரியாது.

டொமைனை வாடிக்கையாளர் பெயரிலேயே, அவருடைய மெயில், போன் எண்ணோடு பதியுங்கள். உங்கள் பெயரில் வைத்திருப்பது பிடிமானம் மாதிரித் தோன்றும். சண்டை வந்தால் தொழில் பெயர் கெடுவதும் அதனால்தான்.

பேக்கப் வேறு நிறுவனத்தில், வேறு ஊரில் இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓ.வி.எச். டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த பலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. இன்னொன்று: சி-பேனலில் எடுக்கும் முழு பேக்கப்பை சி-பேனலுக்குள்ளிருந்தே திரும்ப ஏற்ற முடியாது, எல்லாக் கணக்குகளையும் சேர்த்து நிர்வகிக்கும் டபிள்யூ.எச்.எம். பக்கம் போக வேண்டும். உங்கள் ரீசெல்லர் கணக்குக்கு அந்த அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு சைட்டை ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை: பணம் கட்டுமுன் ஞாயிறு இரவு அவர்களுடைய உதவிப் பிரிவுக்கு ஒரு டிக்கெட் (கேள்வி) போடுங்கள். “ஒரு கணக்குக்கு எத்தனை ஐநோடு, எவ்வளவு ராம், மணிக்கு எத்தனை மெயில்?” என்று கேளுங்கள் (ஐநோடு என்பது கோப்புகளின் எண்ணிக்கை). எண்ணோடு பதில் வந்தால் மேலே பேசலாம். ‘அன்லிமிடெட்’ என்று மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள்.

உங்கள் போன் அதிகம் அடிக்கப்போவது சைட்டுக்காக அல்ல, மெயிலுக்காக. யாரோ ஒருவர் திருட்டு தீம் போட்ட வேர்ட்பிரஸ் வைத்திருப்பார். அதற்குள் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் விடிய விடிய ஸ்பேம் அனுப்பும். சர்வரின் ஐ.பி. கருப்புப் பட்டியலில் ஏறும். காலையில் சம்பந்தமே இல்லாத நகைக்கடைக்காரரின் கொட்டேஷன் திரும்பி வரும். டபிள்யூ.எச்.எம்.மில் பேக்கேஜ் உருவாக்கும்போதே மணிக்கு இத்தனை மெயில் என்று வரம்பு போடலாம். சிறு கடைக்கு 50 தாராளம். மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் மூன்றையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். தொடர்புப் படிவத்தில் அனுப்புநராகப் பார்வையாளரின் ஜிமெயில் முகவரியை வைப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. ‘ஃப்ரம்’ கடையின் சொந்த டொமைன், ‘ரிப்ளை-டு’ பார்வையாளர் என்று மாற்றினால் சரியாகும்.

காகித வேலை கொஞ்சம்தான். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்குவதென்றால் ரிவர்ஸ் சார்ஜ் (வாங்குபவரே வரி கட்டுவது) குறுக்கிடலாம், ஆடிட்டரைக் கேளுங்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி ஹேக்கிங் போன்ற சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (சர்வரில் நடப்பதன் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். லாக் உங்கள் கையில் இருக்காது என்பதால் இதையும் அந்த டிக்கெட்டிலேயே கேட்டுவிடலாம்.

ஐம்பது கணக்கைத் தாண்டினாலோ, ஒரே ஆள் திரும்பத் திரும்ப ராம் வரம்பில் முட்டினாலோ வி.பி.எஸ். பற்றி யோசியுங்கள். மாற்றும்போது யாரும் அதிகம் பார்க்காத இரண்டு சைட்டை முதலில் நகர்த்துங்கள். பழைய கணக்கை ஒரு வாரமாவது மூடாதீர்கள்: டாட் காம் நேம்சர்வர் விவரம் இரண்டு நாள்வரை மற்ற சர்வர்களின் நினைவில் பழையபடியே இருக்கும், அதற்குள் வரும் மெயில் பழைய பெட்டியில்தான் விழும்.