கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அண்ணா, கல்யாண வீடியோ எடிட் பண்றேன். சோனி ஏ7 மார்க் 4 கேமரா, ஐ5-12400எஃப் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் டைம்லைன் திக்குது. ஆர்டிஎக்ஸ் 3060 போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது தம்பி, நீங்கள் 4:2:2 10 பிட்டில் (நிற விவரம் அதிகம் வைக்கும் வீடியோ முறை) எடுப்பவராக இருந்தால். ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை வந்த என்விடியா கார்டு எதிலும் உள்ள டிகோடர் (சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் பகுதி) 4:2:2 ஃபைலைத் தொடாது. 4090 போட்டாலும் சுமை பிராசஸர் தலையில்தான். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ், எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் உள்ள 4:2:2 ஃபைலை அலுங்காமல் ஓட்டும். ஆனால் உங்களுடையது எஃப் மாடல், அதில் கிராபிக்ஸே இல்லை. விலை கொஞ்சம் குறைவு என்று எடிட்டர்கள் தலையில் கட்டப்படுவது இதுதான்.

எஃப் இல்லாத 12400க்கு மாறி, கேமராவில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் (அதுதான் எச்.265) வைத்து எடுங்கள். எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264, அதன் 4:2:2ஐ இந்த இன்டெல்லும் கைவிட்டுவிடும். கார்டுதான் வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 5060 பாருங்கள், 50 வரிசை எச்.264, எச்.265 இரண்டின் 4:2:2ஐயும் டிகோட் செய்யும். காசே வேண்டாம் என்றால் பிராக்ஸி, அதாவது எடிட் செய்வதற்கு மட்டும் உருவாக்கும் லேசான நகல். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கேள்வி: பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேர் படிக்கிறேன். 4060 8 ஜிபியா, 3060 12 ஜிபியா?

பதில்: வேகம் 4060க்குத்தான், கரண்டும் குறைவு: 115 வாட், 3060க்கு 170. இருந்தும் நான் 3060ஐத்தான் சொல்வேன். சைக்கிள்ஸில் (பிளெண்டரில் காட்சியை ரெண்டர் செய்து படமாக்கும் பகுதி) காட்சி மொத்தமும் கார்டு மெமரிக்குள் அடங்க வேண்டும். நாலு மரம், 4கே டெக்ஸ்சர், கொஞ்சம் புல் என்று சேர்த்தாலே 8 ஜிபி நிரம்பிவிடும். அப்புறம் ரெண்டர் ஊரும், இல்லை மெமரி போதவில்லை என்று நின்றுவிடும். லோகோ, சின்னப் பொருட்கள் மட்டும் செய்பவர் 4060 வாங்கலாம்.

ஒன்று கவனியுங்கள்: 3060லேயே 8 ஜிபி மாடல் ஒன்று உண்டு. மெமரி பஸ் (மெமரிக்குப் போய்வரும் பாதை) 192 பிட்டிலிருந்து 128க்கு இறங்கிய கார்டு அது. பெட்டியைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆர்எக்ஸ் 6600 விலை குறைவுதான், ஆனால் அது ஏஎம்டி கார்டு; ரெண்டரை வேகமாக்கும் ஆப்டிக்ஸ் என்விடியாவில் மட்டுமே ஓடும். பிளெண்டரில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கேள்வி: போட்டோஷாப், லைட்ரூம் மட்டும்தான் சார்.

பதில்: கார்டு வேண்டாம். ரேமை 32 ஜிபி ஆக்குங்கள். லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸை (படத்தில் உள்ள புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி) நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஓட்டுபவர் என்றால் மட்டும் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், 240 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). வீடியோவுக்கு என்ன போடலாம்?

பதில்: ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி மாடல். 70 வாட்தான், தனியாகப் பவர் கேபிள் தேவையில்லை. கேபினெட் ஒல்லி என்றால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த கார்டு) கேளுங்கள். ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400 பக்கம் போகவே வேண்டாம், இரண்டிலும் வீடியோ என்கோடர் (முடித்த வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்கும் பகுதி) கிடையாது.

கேள்வி: கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டு வாங்கலாமா?

பதில்: 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றபோது சந்தைக்கு வந்து குவிந்தவை இன்னும் சுற்றுகின்றன. விலை நியாயமாக இருந்தால் வாங்கலாம், ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்றும் செலவைச் சேர்த்துப் பாருங்கள். விற்பவர் எதிரிலேயே ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் சாஃப்ட்வேர்) திறந்து மாடலையும் மெமரியையும் சரிபார்த்து, பிளெண்டரில் அரைமணி நேரம் ரெண்டர் ஓட்டுங்கள். "கேமில் ஓட்டிக் காட்டுகிறேன், போதும்" என்பவரிடம் வாங்காதீர்கள்.