குக் தீவு டிரஸ்டில் சேமிப்பைப் போட்டால் கடன்காரர்கள் தொட முடியாதா?

கடலூர் துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்பவர், கடன் நெருக்கும் நேரத்தில் இப்படிக் கேட்டிருக்கிறார். (குக் தீவு என்பது பசிபிக் கடலில் உள்ள தீவு நாடு. டிரஸ்ட் என்றால் சொத்தை அங்குள்ள பொறுப்பாளர் பெயருக்கு மாற்றிக் கொடுத்து, குடும்பத்துக்காக வைத்திருக்கச் சொல்வது.) இப்போது செய்யாதீர்கள். குக் தீவு நீதிமன்றம் நம் ஊர்த் தீர்ப்பை மதிக்காமல் போகலாம். ஆனால் நீங்கள் இருப்பது இங்கே. வழக்குப் போட்ட பிறகு சொத்தை நேர்மையின்றி வெளியே அனுப்பினால், சிவில் நடைமுறைச் சட்டம் 51ஆம் பிரிவின்படி கடனைக் கட்டாததற்காக நீதிமன்றம் உங்களைச் சிவில் சிறைக்கே அனுப்பலாம். வழக்கு வராவிட்டாலும், சொத்தை டிரஸ்டுக்கு மாற்றிய 2 ஆண்டுக்குள் திவால் மனு தாக்கலாகி நீங்கள் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால், இலவசமாகச் செய்த அந்தச் சொத்து மாற்றம் ரத்தாகலாம். வெளிநாட்டுச் சொத்தை வருமான வரிக் கணக்கில் காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதமும் வரலாம்.

சரி, குடும்பத்துக்கு என்ன வழி? பிபிஎஃப் (அரசின் பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கைக் கடனுக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது.  முதலில் வங்கியில் போய்த் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள்.