கட்டுமானம்: கேள்வி-பதில்

கேள்வி: மருத்துவமனைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்காக 24 அறைகளில் லாட்ஜ் கட்டுகிறேன், தரைத்தளத்துக்கு மேல் 3 மாடி. பேஸ்மென்ட் முடிந்தது, ஆனியில் முதல் ரூஃப். அடுத்த வைகாசியில் திறக்க வேண்டும். லிஃப்ட் வர 4 மாதமாம். கேமரா, ஃபயர் அலாரத்துக்கும் தட்டுப்பாடாம். எல்லாவற்றையும் இப்போதே வாங்கிப் போட்டுவிடலாமா?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: வாங்கிப் போட வேண்டாம். எது வேண்டும் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

லிஃப்ட்தான் முதலில். பிட் (அடியில் விடும் குழி) ஆழம், ஷாஃப்ட் (லிஃப்ட் ஏறி இறங்கும் கூடு) அகலம், கடைசி மாடிக்கு மேல் விடவேண்டிய உயரம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கொத்தனார் கணக்கில் ஷாஃப்டைக் கட்டிவிட்டுப் பிறகு விலை கேட்டால், அதற்குள் அடங்கும் மாடல்தான் உங்களுக்கு. அது வர எத்தனை மாதமானாலும் காத்திருக்க வேண்டியதுதான். சென்ட்ரிங் அடிக்குமுன் கம்பெனி வரைபடம் கையில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் தங்கும் இடம், கதவுத் திறப்பு 900 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

தேதியைத் திறப்பு விழாவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி, பொருத்துமுன் அனுமதியும் ஓட்டுமுன் உரிமமும் வேண்டும். சோதனைக்கும் உரிமத்துக்கும் ஒரு மாதம், பொருத்த ஒன்றரை மாதம், வந்துசேர 4 மாதம், தாமதத்துக்கு ஒரு மாதம். புரட்டாசியில் ஆர்டர் போயிருக்க வேண்டும். அந்த 4 மாதமும் பெரும்பாலும் வரைபடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தொடங்கும். பொங்கல் கழியட்டும் என்றிருந்தால் லிஃப்ட் ஓட ஆடி வந்துவிடும். ஆடியில் யார் கடை திறப்பார்கள்?

ஃபயர் அலாரத்தில், அட்ரஸபிள் வகையானால் (எந்த டிடெக்டர் அடித்தது என்று தனித்தனியாகக் காட்டுவது) பேனல் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியும் புகையை உணரும் டிடெக்டரும் ஒன்றுக்கொன்று பொருந்துவதாக இருக்க வேண்டும். பேனல் தாமதமானால் வேறு பிராண்டை அங்கே வைக்க முடியாது. இரண்டையும் உதிரி டிடெக்டர்களோடு ஒரே ஆர்டரில் போடுங்கள். பெயின்ட் வேலை முடியும்வரை தூசி மூடியைக் கழற்றாதீர்கள். கழற்றினால் பொய் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும்.

கேமரா மாடலுக்கு அவசரமில்லை, பைப்புக்குத்தான் அவசரம். 24 அறை, 16 கேமரா, 4 வைஃபை என்று 44 பாயின்ட். ஒன்றுக்குச் சராசரி 30 மீட்டர் நெட்வொர்க் கேபிள் வைத்தால் 1,320 மீட்டர்; 305 மீட்டர் பெட்டி 5 போதும். 25 மி.மீ. பைப்பில் 4 கேட்-6 கேபிளுக்கு மேல் திணிக்காதீர்கள். பைப்பில் இரண்டு வளைவுக்கு ஒரு ஜங்ஷன் பெட்டி, பைப்புக்குள்ளே கேபிளை இழுக்க இழுவைக் கம்பி. ஒரு கேபிள் ஓட்டம் 90 மீட்டரைத் தாண்டக் கூடாது. முழுச் செம்புக் கேபிள்தான் வாங்கவேண்டும். செம்பு பூசிய அலுமினியத்தில் கேமராவுக்குப் போகும் மின்சாரம் வழியிலேயே குறைந்து, இரவில் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும்போது படம் போய்விடும்.

யுபிஎஸ் பேட்டரியைக் கடைசியில் வாங்குங்கள். வேலூர் வெயிலில் ஷெட்டுக்குள் கிடந்தால் சார்ஜ் தானாக இறங்கிக் கெட்டுப்போகும். வாரன்டியோ பெரும்பாலும் பில் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

கேள்வி: நாங்கள் கேட்ட 2 மெகாபிக்சல் கேமரா இல்லையாம், அதே விலைக்கு 4 மெகாபிக்சல் தருகிறேன் என்கிறார் டீலர். வாங்கலாமா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஹார்ட் டிஸ்க் கணக்கைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 16 கேமரா தலா 2 எம்பிபிஎஸ் (நொடிக்குப் பதிவாகும் மெகாபிட்) என்றால் 30 நாளுக்குச் சுமார் 10.4 டிபி, 4 எம்பிபிஎஸ் ஆனால் அது இரட்டிப்பு. ரெக்கார்டர் அந்த மாடலை ஏற்குமா என்றும் கேளுங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராவுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். மாற்று மாடலுக்கும் அந்தச் சான்றை, மாடல் எண்ணோடு எழுத்தில் வாங்குங்கள்.