இந்த வயதில் திருமுழுக்கு

கேள்வி: எனக்கு வயது 33. கத்தோலிக்கத்தில் சேர விரும்புகிறேன். பங்குத்தந்தையோ, 'அவசரம் வேண்டாம், வகுப்புக்கு வாங்க' என்கிறார். பெயரை மாற்ற வேண்டுமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அவர் தட்டிக்கழிக்கவில்லை, தங்கச்சி. நான் 41 வயதில் சேர்ந்தவள். ஒரு வருடம் மறைக்கல்விக்குப் போனேன். பெரியவர்களுக்குத் திருமுழுக்கு (ஞானஸ்நானம்), உறுதிபூசுதல் (நம்பிக்கையை உறுதிப்படுத்தும் எண்ணெய்ப் பூச்சு), நற்கருணை (கிறிஸ்துவின் உடலாக ஏற்கும் அப்பம்) மூன்றையும் வழக்கமாகப் பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவில், ஒன்றாகவே தருவார்கள். அதற்கு மனசு பழுக்க வேண்டாமா? அன்று தலையில் ஊற்றிய தண்ணீர் முதுகு வரை இறங்கியது. மெழுகு விரலில் சொட்டியும் திரியை நான் விடவில்லை.

பெயர் மாற்றம் கட்டாயமில்லை. பிடித்த புனிதரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், வடக்கன்குளத்தில், 1745-ல் நீலகண்டன் என்பவர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவம் அது. அவருக்கும் அப்போது வயது 33! 2022-ல் புனிதர் பட்டம் பெற்றார்.

அம்மாவிடம் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள், வேறு யார் வாயிலாகவும் அவர் கேட்கக் கூடாது. என் அம்மா ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம், பாஸ்காவன்று நான் கட்டிய வெள்ளைப் புடவையைத் தேய்த்துத் தந்தது அவர்தான்.