டிவி பழுதில்லை, எர்த்தைப் பாருங்கள்

குளச்சல் வீட்டில் புது டிவிக்கு டிஷ் கேபிளைச் செருகும்போது விரலில் சுருக்கென்கிறது, டிவியை மாற்றித்தரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் எக்ஸ்டென்ஷனில் செருகியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். தடித்த, நீளமான முள்தான் எர்த். டிவிக்குள்ளிருந்து இயல்பாகக் கசியும் சிறு மின்னோட்டம் அதன் வழியே மண்ணுக்குப் போகவேண்டும். வழியில்லாததால் உங்கள் விரலைத் தேடுகிறது.

எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப்போட்டுவிட்டு, சுவரிலுள்ள மூன்று துளை சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். அதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்த சாக்கெட்டுக்கு எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். துளை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. பழைய வீடுகளில் இது சகஜம். அதுவரை டிவி, செட்டாப் பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் உருவிய பிறகே கேபிளைத் தொடுங்கள். உதறும் அளவுக்கு அடித்தால் மெயினையே அணைத்துவிடுங்கள்.

ஐப்பசி இடிக்கு பிளக்கை மட்டும் உருவினால் போதாது. தக்கலையில் நான் அப்படித்தான் செய்தேன். மாட்டியே கிடந்த டிஷ் கேபிள் வழியாக மின்னல் இறங்கி, டிவியில் செட்டாப் பாக்ஸ் வயரை மாட்டும் எச்டிஎம்ஐ போர்ட் கருகிவிட்டது. வானம் கறுக்கும்போதே கேபிளையும் கழற்றிவிடுங்கள்.