வெளிநாடு போய் வந்தபின் மொபைல் பில் எகிறுவது ஏன்? என்ன செய்யலாம்?

ரோமிங் என்பது உங்கள் சிம், வேறொரு நிறுவனத்தின் டவரைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது. சிங்கப்பூரில் இறங்கியதும் உங்கள் போன் அங்குள்ள ஒரு நெட்வொர்க்கில் சேர்கிறது. அந்த நிறுவனம் தன் கட்டணத்தை உங்கள் நிறுவனத்திடம் கேட்கும். இவர்கள் அதோடு தங்கள் பங்கையும் சேர்த்து உங்களிடம் வாங்குவார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்குப் பதில் விமான நிலையக் கடையில் இட்லி சாப்பிடுவது மாதிரிதான். இட்லி அதேதான், விலை வேறு.

"நான் நெட்டே பயன்படுத்தவில்லையே" என்பார்கள் பலர். நீங்கள் தொடாவிட்டாலும் போன் சும்மா இருக்காது. படங்களை கிளவுடில் ஏற்றும், ஆப்களைப் புதுப்பிக்கும், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களை இறக்கும். ரோமிங் பேக் (வெளிநாட்டில் பயன்படுத்த முன்கூட்டியே வாங்கும் திட்டம்) போடாவிட்டால் ஒவ்வொரு எம்பி (MB) டேட்டாவுக்கும் காசு. கப்பலிலும் விமானத்திலும் செயற்கைக்கோள் வழி இணைப்பு என்பதால் இன்னும் அதிகம். சில ரோமிங் பேக்குகள் அங்கே செல்லவே செல்லாது.

சரி, பில் வந்துவிட்டது. முதலில் தேதிவாரியான விவரப் பில்லைக் கேட்டு, பயணத் தேதிகளோடு ஒப்பிடுங்கள். பேக் போட்ட பிறகும் தனிக் கட்டணம் விழுந்திருந்தால் வாடிக்கையாளர் சேவையில் புகார் கொடுத்து, புகார் எண்ணை மறக்காமல் வாங்குங்கள். பதில் திருப்தி தராவிட்டால், இந்தியாவில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தப்பு நம்முடையது என்றாலும் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். சில சமயம் குறைப்பார்கள்.

டேட்டா ரோமிங்கை அணைத்தால் செலவே வராது என்று நினைக்க வேண்டாம்: பேக் இல்லாமல் வரும் அழைப்பை எடுத்தாலே நிமிடத்துக்குக் காசு.